கற்பூரத் தட்டோட ஆத்துல எறங்கினோம்

"பின்னால பாருங்கடீ! பின்னால!"

கரை மேலருந்து சித்தப்பா கத்துறாரு. திரும்புறோம். பின்னால தண்ணி. ஓடுறோம்.

மணல்ல கால் பொதையுது. செல்வி சித்தி என் கைய புடிச்சிகினு ஓடுது. இன்னொரு கைல தட்டு. மஞ்சள், பூ, கற்பூரம். தட்ட போடு சித்தின்றேன். போடல.

சத்தத்த சொல்றேன், மறந்துடாதீங்க. லாரி ஜல்லி கொட்டும் பாருங்க. நிக்காம கொட்டிகினே இருந்தா எப்டி இருக்கும். அதான்.

அன்னிக்கு காலைல நல்ல வெயிலு. மழை முந்தின நாளே வுட்டுடுச்சி. எங்க ஊரு திருவெண்ணெய்நல்லூர் பக்கம், பெண்ணையாத்து கரை. முந்தின நாள் சாயங்காலம் மைக் கட்டின ஆட்டோ ஒண்ணு வந்துச்சி. "அணை திறக்கப்பட்டுள்ளது. பொதுமக்கள் யாரும் ஆற்றில் இறங்க வேண்டாம்." வேற ஊரா இருந்தா மூட்டை கட்டிருப்பான். எங்க தெரு இன்னா பண்ணுச்சி தெரியுமா? பூ வாங்கி வெச்சிச்சி. காலைல தலைக்கு குளிச்சிச்சி.

எங்க ஆறு முக்காவாசி நாளு காஞ்சி கெடக்கும். கிரிக்கெட் ஆடுவோம், ஆடு கட்டுவோம். எப்பவாச்சும் தண்ணி வுடுவாங்க. அப்ப நடு ஆத்துல எறங்கி, புதுத்தண்ணிய எதுருல போய் பாத்து கற்பூரம் காட்டணும். எங்க வழக்கம். அது மெதுவா வரும். நுரைய தள்ளிகினு, மணல நக்கிகினு. கால் நனையும், கும்புட்டுட்டு ஏறிடுவோம். மைக்கு சத்தம் கேட்டாலே எங்களுக்கு பத்திரிகை வெச்ச மாரி.

நான் விழுப்புரத்துல ஜியாக்ரஃபி படிக்கிறேன். பேரிடர் பேப்பர்ல கெத்தா பாஸு. வேணாம்னு சொன்னேன். சித்தி சிரிச்சிச்சி. "ஏண்டி, இத்தினி படிச்சிட்டு தண்ணிக்கு பயப்புடுற? வா, ஆத்தாள ஒரு கும்புடு போட்டுட்டு வந்து பரிச்சை எழுது." வீடியோ எடுத்துகினே கூட போனேன்.

கரைய ஒட்டி நீளமா ஒரு பள்ளம். மணல் லாரிங்க வருஷக்கணக்கா தோண்டினது. மேக்க ரொம்ப தூரம் வாய்க்கா மாரி போவுது. அதுல எறங்கி ஏறி, நடு மேட்டுல நின்னோம். எல்லாரும் மேக்க பாத்துகினு இருந்தோம். தண்ணி நேரா வரல. தாழ்வு பாத்து பள்ளத்துல பூந்துச்சி. எங்க முதுகுக்கு பின்னாடி. நாங்க கற்பூரம் ஏத்திகினு இருந்தோம்.

பள்ளத்துல எறங்குறோம். முழங்கால். இடுப்பு. மத்தவங்க முன்னாடி ஏறிட்டாங்க. சித்தப்பா துண்ட வீசுறாரு.

"ஜல்தி! புடிடி!"

புடிச்சேன். இன்னொரு கைல சித்தி. வேரோட ஒரு மரம் வந்து எங்க ரெண்டு பேரு நடுவுல பூந்துச்சி. டங்குன்னு தட்டு சத்தம். அவ்ளோதான். என் கைல ஒடஞ்ச கண்ணாடி வளையல்.

வெள்ளம் இயற்கை, பள்ளம் மனுஷன் பண்ணது. பரிச்சைல ரெண்டும் தனித்தனி கேள்வியா வரும். எங்களுக்கு ஒண்ணா வந்துச்சி.

தண்ணி வடிஞ்சப்புறம் கீழ ஒரு கருவேல முள்ளுல சித்தி கெடைச்சிச்சி. சித்தப்பாதான் மொதல்ல பாத்தாரு. பள்ளத்த காணோம். ஆறே மணல் கொண்ணாந்து மூடிட்டு போயிருக்கு. அவ்ளோ சமமா. அந்த மணல அள்ள இப்ப மறுபடியும் லாரி வருது.

போனத சொல்லிடறேன். செல்வி சித்தி. ஓட முடியாம மேட்டுலயே நின்னுட்ட எதுர்வீட்டு கோயிந்தன் தாத்தா. அங்க கட்டியிருந்த சித்தி வீட்டு ஆடு ரெண்டு, ஒண்ணு சினை. என் போனு, அதுல சித்தி சிரிக்கிற வீடியோ. ஒரு எவர்சில்வர் தட்டு.

தட்டுல சித்தி பேரு வெட்டியிருக்கும், கல்யாண சீரு. லாரி தோண்டுற எடத்துல சித்தப்பா தெனமும் போய் நிக்கிறாரு. ஒவ்வொரு அள்ளலுக்கும் குனிஞ்சி பாக்குறாரு.