வலையில் வந்த கல்

ஏரிக்கரை அம்மன் கோயிலில் தீர்த்தத்துக்கு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் தோணிரேவு மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி, காட்டூரிலிருந்து வந்திருந்த தன் தங்கையோடு.

“இன்னாக்கா, அம்மனுக்கு மூஞ்சியே இல்ல? வெறும் கல்லா இருக்குது?”

“வலையில வந்த கல்லுடி. வெறும் கல்லுனு மூணு தபா தண்ணியில தூக்கிப் போட்டாங்களாம். மூணு தபாவும் அதே வலையில வந்துச்சாம். அப்பாலதான் அம்மன்னு தெரிஞ்சுதாம். அன்னிலேர்ந்து வலையில கல்லு வந்தா எங்க ஊருல யாரும் திருப்பிப் போட மாட்டாங்க. கரையில கொண்ணாந்து வெச்சிடுவாங்க.”

“ஆமாக்கா, வரும்போது பாத்தேன். எவ்ளோ கல்லு!”

“எல்லாம் இந்த எட்டு நாள்ல வந்தது. படகு கவுந்ததுலேர்ந்து உங்க மாமாவைத் தேடி ஊரே வலை போடுதுல்ல.”

தங்கை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தது.

“அம்மாகிட்ட நல்லா வேண்டிக்கக்கா.”

“இன்னானு வேண்டுறது? கல்லுக்கு நீந்தத் தெரியாது, அதுவே மூணு தபா வந்துச்சு. அவரு அவ்ளோ நல்லா நீந்துவாருடி. ஒரு தபா வரக் கூடாதா?”