குல்மோகர் வீடு

சரக்கொன்றையா குல்மோகரான்னு கேட்டா நான் கொன்றைதான் சொல்வேன் தம்பி. தோட்டக்கலை ஆபீசுல முப்பது வருஷம் குப்பை கொட்டினவன். இந்தக் கேள்விய என்கிட்ட கேக்காத ஆளு இல்ல. ஆனா உங்க வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலையே முடியல, அதுக்குள்ள வாசல்ல என்னா மரம் வைக்கலாம்னு வந்து நிக்கறீங்க பாருங்க, அது நல்ல புத்தி. உக்காருங்க வளவன். அந்த அடிக்கட்டை மேல வேணாம், நாற்காலி எடுத்துப் போடறேன்.

உங்க வீட்டம்மா சிந்துஜாவுக்குக் குல்மோகர்தான் வேணும்னு சொன்னீங்க. தப்பு சொல்ல மாட்டேன். வச்ச நாலாம் வருஷமே பூத்துடும். மே மாசத்துல இலையே தெரியாது, செவசெவன்னு மரமே பத்திக்கினு எரியும். குடை மாதிரி விரியும், நிழல் ஜாஸ்தி. குறை என்னான்னா வேர் மேலாக்க ஓடும், காம்பவுண்டு சுவரைத் தூக்கிடும். கட்டை மெத்து. உள்ள தண்ணி புகுந்துச்சுன்னா அவ்ளோதான்.

கொன்றைக்கு அவசரமே கிடையாது. ஏழு வருஷம், எட்டு வருஷம் எடுத்துக்கும். மாசி, பங்குனில மொட்டையா நிக்கும், தெரியாதவங்க செத்துப்போச்சும்பாங்க. சித்திரை பொறந்தா சரம் சரமா மஞ்சள் இறங்கும். கட்டை கெட்டி. சிவனுக்கு ஆவற பூ, அண்ணாமலையார் ஊர்ல குடியிருக்கறவனுக்கு அதுக்கு மேல என்னா வேணும். நிழல்தான் கொஞ்சம் கம்மி.

இதையேதான் தொண்ணூத்தொண்ணுல என் சம்சாரத்துகிட்டயும் சொன்னேன். ஒரு வார்த்தை கூடக் குறைவில்லாம.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனப்ப என்னை வேலூர்லருந்து இங்க மாத்தினாங்க. ரேணுகாம்பாளுக்கு டவுன்ல டீச்சர் வேலை. இந்த வேங்கிக்கால் அப்ப பாதி முள்ளுக்காடு. அவ பேர்ல மனை வாங்கி, ரெண்டு ரூம் போட்டோம். முன்னாடி ஒரே ஒரு மரத்துக்குத்தான் எடம் இருந்துச்சு. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல. அதனாலயோ என்னவோ அந்த ஒரு எடம் எங்க ரெண்டு பேருக்குமே பெரிய விஷயமாயிடுச்சு.

நான் நர்சரியிலருந்து நல்ல கொன்றைக் கன்னு ஒண்ணு பொறுக்கி எடுத்தாந்து வச்சிருந்தேன். கிரகப்பிரவேசத்தன்னிக்கு என் ஆபீஸ்காரங்க எல்லாம் சாப்பிட்டுக்கினு இருக்காங்க, யாரோ மரத்தைப் பத்திக் கேட்டாங்க. அவ சாம்பார் வாளியோட நின்னுக்கினு சொன்னா, "இவரு எட்டு வருஷம் கழிச்சுப் பூக்கற மரமா பாத்து வச்சிருக்காரு. அதுவரைக்கும் மொட்டைக் கட்டைய பாத்துக்கினு உக்காரணுமாம். ஊருக்கெல்லாம் மரம் சொல்றாரு, வீட்ல யாரு கேக்கறது?"

பந்தியே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அடுத்த வாரம் அவ குல்மோகர் வாங்கியாந்து நட்டுட்டா. என் கொன்றைக் கன்னு பையிலயே காஞ்சு போச்சு. கெட்டவன்னு அவளை யாரும் சொல்லிட முடியாது தம்பி. மனசுல ஒண்ணும் வச்சுக்காத பொம்பளை. சொன்னதை அன்னிக்கு ராத்திரியே மறந்திருப்பா. நான்தான் மறக்கல.

தொண்ணூத்தஞ்சு மே மாசம் அது பூத்துச்சு. பாக்கணுமே அப்ப. பஸ் ஸ்டாண்டுல ஆட்டோ ஏறி "குல்மோகர் வீடு"ன்னா போதும், கொண்டாந்து எறக்கிடுவாங்க. வாசல்ல என் பேரு போட்ட பலகை இருந்துச்சு, அதை ஒருத்தரும் படிச்சதில்ல. எங்க மேலதிகாரி ஒருத்தர் காபி சாப்பிட வந்தாரு. மரத்தை அண்ணாந்து பாத்து, "மேடம், நல்லா தேர்ந்தெடுத்து வச்சிருக்கீங்க"ன்னாரு. அதுக்கு அவ, "இவருக்கு இது வேணாம்னுதான் இருந்துச்சு. நான்தான் பிடிவாதமா வச்சேன்"ன்னா. அவரு என்னைப் பாத்தாரு. முப்பது வருஷ சர்வீசுல அப்படி ஒரு பார்வைய நான் வாங்கினதில்ல.

மரத்துக்குள்ள பெருங்காயம் வச்சா பட்டுப்போயிடும்னு நம்ம பக்கம் சொல்வாங்க, கேள்விப்பட்டிருப்பீங்க. அடிமரத்துல ஆழமா துளை போட்டு, கட்டிப் பெருங்காயத்தை உள்ள திணிச்சு, களிமண்ணால அடைச்சுடறது. விவசாயி யாராவது வந்து என்கிட்ட கேட்டிருந்தா, அதெல்லாம் சும்மா கதைன்னு நானே சொல்லி அனுப்பியிருப்பேன். இருந்தாலும் வச்சேன். மறு வருஷம் ஆடி மாசம், அவ ஸ்கூலுக்குப் போனதும் அரை நாள் லீவு போட்டுட்டு வந்து வச்சேன். மரம்தானே தம்பி. மரம் பட்டுப்போனா வெட்டிடலாம், அந்த எடத்துல கொன்றை வைக்கலாம். என் நெனப்பு அவ்ளோதான்.

அடைச்ச மண்ணு பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதை மறைக்கணுமேன்னு மஞ்சளைக் குழைச்சு மேல பூசி, நடுவுல குங்குமம் வச்சேன். அன்னிக்கு ஆடி வெள்ளின்னு சத்தியமா எனக்கு நெனப்பே இல்ல.

சாயங்காலம் வந்தவ வாசல்லயே நின்னுட்டா. பைய கூடக் கீழ வைக்கல.

"என்னங்க, நீங்களா வச்சீங்க?"

"ஆமா"ன்னேன்.

"உங்களுக்கு இது பிடிக்கலைன்னு இல்ல நெனச்சுக்கினு இருந்தேன்."

கண்ணு கலங்கிடுச்சு அவளுக்கு. அன்னிக்கு ராத்திரி பாயசம் வச்சா. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு, என் பக்கத்துல உக்காந்து, நான் சாப்பிடறதைப் பாத்துக்கினு இருந்தா. நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன், எனக்கு அன்னிக்கு சந்தோஷமா இருந்துச்சு.

அப்புறம் நிறுத்த முடியல. மூணு நாலு மாசத்துக்கு ஒரு துளை போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள், குங்குமம். ரெண்டு வருஷத்துல மரத்தைச் சுத்தி ஏழு பொட்டு. தெருப் பொம்பளைங்களும் பாத்துட்டு வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க ஆரம்பிச்சாங்க. மஞ்சக் கயிறு கட்டினாங்க. "எங்க வீட்டுக்காரருக்கு மரத்து மேல உசுரு"ன்னு அவ எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு திரிஞ்சா. அடுப்படியில மட்டும் சந்தேகம். "பெருங்காயம் என்னாங்க இப்படி தீருது?"ம்பா. எனக்கு ரசத்துல தூக்கலா இருக்கணும், ஜாஸ்தி போடுன்னேன். பாவம், அன்னிலருந்து அப்படியே போட்டா. எனக்கு அந்த வாடையே ஆவாது. நாலு வருஷம் பேசாம சாப்பிட்டேன். "மரத்தாண்ட நின்னா கூட ரசம் வாசனை வருதுங்க"ன்னு ஒருநாள் சிரிச்சா.

அந்த நாலு வருஷம் மாதிரி நாங்க எப்பவும் இருந்ததில்ல தம்பி.

ஆனா மரம் சாகல. வருஷத்துக்கு வருஷம் பூ ஜாஸ்திதான் ஆச்சு. எனக்கு ஆத்திரமா வரும், வெளிய காட்டிக்க மாட்டேன். பெருங்காயம் ஒண்ணும் பண்ணலைன்னு நெனச்சேன். அது பண்ணலைதான். துளைதான் பண்ணுச்சு. மழைத்தண்ணி அது வழியா எறங்கி, மெத்துக் கட்டை உள்ளயே குழைஞ்ச சோறு மாதிரி ஆயிடுச்சு. வெளிய பட்டை மட்டும் பச்சையா இருந்துச்சு. தொண்ணூத்தொம்பது ஐப்பசி மழையில அடியில தட்டுத் தட்டா காளான் பூத்துது. அவ கொண்டாந்து காட்டி, இது என்னாங்கன்னா. மழைக்கு வர்றதுதான்னு சொன்னேன். அப்புறம் தினம் அவ எழுந்துக்கறதுக்கு முன்னாடி நானே பிச்சுப் போட்டுடுவேன். காளான் வந்தா உள்ள என்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?

அந்தப் பொங்கலுக்கு, மரத்தடியில உக்கார சிமெண்டு மேடை ஒண்ணு வேணும்னு கேட்டா. நான் ரிட்டையர் ஆயி வீட்லதான் இருந்தேன். நானே நின்னு கட்டிக் குடுத்தேன். பெரிய கிளைக்கு நேர் கீழ. நிழல் அங்கதானே ஜாஸ்தி விழும், வேற எங்க கட்டறது?

ரெண்டாயிரம், மே மாசம். முந்தின நாள் சாயங்காலம் நல்ல கோடை மழை. மறுநாள் காலைல காத்துன்னு ஒரு பொட்டு இல்ல. பூவெல்லாம் தண்ணியக் குடிச்சு கனத்துப்போய்த் தொங்குது. அவளுக்கு ஸ்கூல் லீவு. காபிய எடுத்துக்கினு, பேப்பரோட மேடையில உக்காந்தா. நான் இந்த ஜன்னல்லதான் நின்னுக்கினு இருந்தேன்.

ஒரு சத்தம் வந்துச்சு. பல்லுல கரும்பு ஒடிக்கிற மாதிரி. கிளையிலருந்து வரல, அடியிலருந்து வந்துச்சு. எனக்கு அது என்னா சத்தம்னு தெரியும். அவ தலையத் தூக்கிப் பாத்தா, அணில்னு நெனச்சிருப்பா, திரும்பப் பேப்பர் படிக்க ஆரம்பிச்சா. அப்ப நேரம் இருந்துச்சு தம்பி. ரேணுகான்னு கூப்பிட மூணு எழுத்துதான். நான் கூப்பிட்டா, ஏன்னு கேப்பா. மரம் சாயப்போவுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேப்பா. டீச்சர் இல்லையா, பதில் வாங்காம விட மாட்டா. அதுக்கு என்னா சொல்றதுன்னு யோசிச்சுக்கினு நின்னேன். யோசிச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் ஆயிடுச்சு.

ஊரே வந்துடுச்சு. சுமங்கலியா போனா, மரமே அவளைக் கூப்பிட்டுக்கிச்சுன்னு பேசிக்கினாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து பாத்தாரு. பொட்டு வச்சிருந்ததைப் பாத்ததும் செருப்பைக் கழட்டி ஓரமா விட்டுட்டுத்தான் கிட்டப் போனாரு. அப்புறம் மழையில மரம் சாய்ஞ்சதுன்னு எழுதினாரு. மஞ்சளுக்குப் பின்னால என்னா இருக்குதுன்னு யாரு சுரண்டிப் பாப்பாங்க? இப்பவும் வெள்ளிக்கிழமையானா அந்த அடிக்கட்டையில யாராவது விளக்கு வச்சுட்டுப் போறாங்க. அந்த அகல் நேத்து வச்சது. அதனாலதான் உங்களை அதும்மேல உக்கார வேணாம்னேன். சந்தேகமா இருந்தா கிட்டப் போய் மஞ்சளைச் சுரண்டிப் பாருங்க. எண்ணினா ஏழு இருக்கும்.

பக்கத்துல நிக்குது பாருங்க, அதான் கொன்றை. அவ போன வருஷத்து ஆடியிலயே வச்சேன். இதோட ஆறு வருஷம் ஆவுது, இன்னும் பூக்கல. காத்திருக்கேன். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல.

எழுந்துக்காதீங்க தம்பி, ஒண்ணு விட்டுட்டேன். இதை இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

மரம் விழறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, பங்குனில, கரண்டு கம்பி மேல கிளை உரசுதுன்னு வெட்ட வந்தாரு லைன்மேன் அர்ஜுனன். வெட்டிட்டு எறங்கினவரு, அரிவாளைத் திருப்பிப் புடிச்சு அடிமரத்தை ரெண்டு தட்டு தட்டினாரு. "அம்மா, உள்ள பொந்தாட்டம் கேக்குதுமா. அடியோட எடுத்துடறது நல்லது. வேணும்னா இன்னிக்கே ஆளைக் கூட்டியாறேன்"ன்னாரு.

அவளுக்கு முகமே செத்துப்போச்சு. மரத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தா. அப்புறம் என் பக்கம் திரும்பினா.

"நீங்க சொல்லுங்க. மரத்தைப் பத்தித் தெரிஞ்சவரு நீங்கதான். வெட்டணும்னா வெட்டிடலாம். உங்க கொன்றையவே வச்சுக்கலாம், எனக்கு வருத்தம் இல்ல."

வெட்டினா துளை தெரியும். அது நிஜம்தான். ஆனா அதுக்காக மட்டும்னு சொன்னா பொய்யாயிடும். ஒரு வெளியாள் முன்னாடி, என்னை மரத்தைப் பத்தித் தெரிஞ்சவருன்னு அவ சொல்லிட்டா. எத்தனை வருஷமா அதுக்கு ஏங்கினேன் நான். தெரிஞ்சவன் மாதிரியே நின்னேன். கிட்டப் போய்ப் பட்டையத் தடவி, உள்ளங்கையால ஒரு தட்டு தட்டி, காது வச்சுக் கேட்டேன். அர்ஜுனன் சொன்னதுதான் சரி. உள்ள ஒண்ணுமே இல்ல.

"ஒண்ணும் ஆவாது. இன்னும் அம்பது வருஷம் நிக்கும். நீ பாட்டுக்கு உக்காரு"ன்னு சொன்னேன்.

"அவரு சொல்லிட்டாருப்பா, அதுக்கு மேல என்னா இருக்குது"ன்னு சிரிச்சுக்கினே அவரை அனுப்பிட்டு, மேடையில போய் உக்காந்துக்கினா.

இருபத்தாறு வருஷத்துல மரத்தைப் பத்தி என் பேச்சை அவ கேட்டது அந்த ஒரு தடவைதான் தம்பி.