ஹனான் வீட்டு வாசல் கமரா பற்றி

பெயர்: விக்னேஸ்வரி அருமைநாதன். வயது 54. விலாசம்: 14, வோட்டில் தெரு, செவன் ஹில்ஸ். தொழில்: மரக்கறி பொதி செய்யும் ஆலையில் வேலை. படிப்பு: ஐந்தாம் வகுப்பு. நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் முரளிதரன் உதவியுடன் பொலிஸார் பதிவு செய்தது.

முதலில் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சென்ற வெள்ளிக்கிழமை மாலை அவசர இலக்கத்துக்கு அழைத்து, வீட்டுக்குள் கள்ளர் வந்துவிட்டார்கள் என்று கத்தியது நான்தான். என்னுடைய வீட்டுக்குள் ஒருவரும் வரவில்லை. ஆனாலும் நான் பொய் சொல்லவில்லை. எத்தனை பேர் என்று கேட்டார்கள், ஆறு என்றேன். ஆயுதம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இரண்டு பேரிடம் துவக்கு என்றேன். இப்போது அவர்களைப் பார்க்கிறீர்களா என்று கேட்டார்கள், ஓம், பார்த்துக்கொண்டு நிற்கிறேன் என்றேன். உங்கள் விலாசம் என்ன என்று கேட்டார்கள், என் விலாசத்தைச் சொன்னேன். எந்த வீட்டுக்குள் வந்தார்கள் என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை.

அந்த வீடு ஹனானுடையது. ஹனான் என்பவர் என்னுடன் ஆலையில் வேலை செய்யும் சமீராவின் தங்கச்சி. பாலஸ்தீனத்தில் ஹெப்ரோனுக்குத் தெற்கே ஒரு மலையடியில் புருஷன் யூசுப்புடனும் மூன்று பிள்ளைகளுடனும் இருக்கிறார். பக்கத்துக் குன்றில் புதிதாகக் கொட்டில் போட்டுக் குடியேறியவர்கள் அடிக்கடி வந்து தண்ணீர்க் குழாயை வெட்டுவதும், முறைப்பாடு கொடுத்தால் அங்குள்ள பொலிஸ் சாட்சி எங்கே என்று கேட்பதும் வழக்கமாக இருந்தபடியால், நாங்கள் சில பெண்கள் சேர்ந்து சனிக்கிழமைகளில் மீன் ரோல்ஸ் விற்று, அந்த ஊருக்குக் கமராக்கள் வாங்கி அனுப்பினோம். ஏன் இந்த வேலையில் சேர்ந்தீர்கள் என்று பொலிஸ் கேட்டபடியால் சொல்கிறேன். நான் இந்த நாட்டுக்கு வர முதல், போரின் கடைசி மாதங்களில் புதுமாத்தளனில் எங்களுக்கு நடந்ததைப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. மற்றப்படி எனக்கு அரசியல் தெரியாது. ரோல்ஸ் தெரியும்.

ஹனான் வீட்டு வாசலுக்கு மேலே பூட்டிய கமராவில் தெரிவதை என் தமையனின் மகள் வர்ஷா ஒரு டப்லெட்டில் வரச்செய்து, என் கராஜில் மாப்பிசையும் மேசைக்கு மேலே கொழுவிவிட்டாள். "மாமி, ஜஸ்ட் வாட்ச். ஒண்டையும் அமத்தாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் ஒரு பொத்தானை அமத்தினேன். அமத்தினால் இங்கே கதைப்பது அங்கே வாசலில் கேட்கும். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் ரோல்ஸைத் தூக்கிக் காட்டுவேன். கமராவில் அங்கே உள்ளது எனக்குத்தான் தெரியும், அவவுக்கு நான் தெரிய மாட்டேன் என்பது பிறகுதான் விளங்கியது. ஆனாலும் ஹனான் என் குரலைக் கேட்டவுடன் வாசலுக்கு வந்து தன்னுடைய தக்காளியைத் தூக்கிக் காட்டிச் சிரிப்பா. யூசுப்பின் மீசை போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி என்று ஒருநாள் சொன்னேன். சமீரா அதைத் தங்கச்சிக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அடுத்த வெள்ளி அந்த மனிதர் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மீசைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கமராவுக்குக் கீழே நின்றார்.

சம்பவ தினம் இங்கே இருட்டிவிட்டது, அங்கே நல்ல வெயில். நான் தனியே ரோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தேன். சமீரா ஆலையில் வேலை, அவவின் தொலைபேசி ஆலை அலுமாரிக்குள், அழைத்தாலும் எடுக்க மாட்டா. அப்போது பக்கத்துக் குன்றிலிருந்து ஆறு ஆண்கள், இரண்டு பேர் துவக்கோடு, தங்கள் ஆடுகளையும் சாய்த்து ஓட்டிக்கொண்டு ஹனானின் முற்றத்துக்குள் வந்தார்கள். ஒருவன் கத்தியால் தண்ணீர்த் தாங்கியைக் குத்தினான். யூசுப் வெறுங்கையை விரித்துக்கொண்டு தாங்கிக்கு முன்னால் போய் நின்றார். ஹனான் பிள்ளைகளை உள்ளே இழுத்தா. நான் அமத்திவிட்டு, "டேய், கத்திய கீழ வை, நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்று கத்தினேன். என் குரல் அந்த முற்றத்தில் கேட்டது. கத்தி வைத்திருந்தவன் நிமிர்ந்து கமராவைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கை காட்டினான், விமானத்தில் போகிறவர்களுக்குக் காட்டுவது போல. அதன் பிறகு மறுபடியும் குத்தினான். அதன் பிறகுதான் நான் உங்களுக்கு அழைத்தேன்.

நீங்கள் வந்தீர்கள். அடுப்பில் வைத்த எண்ணெய் கொதிக்க முதல் வந்துவிட்டீர்கள். அதற்கு நன்றி. இவ்வளவு கெதியாக வரக்கூடிய பொலிஸை நான் என் சீவியத்தில் காணவில்லை.

வந்த இருவரில் மூத்த பெண் அதிகாரி டோர்ச்சுடன் கொல்லைப்பக்கம் தேடப் போனார். இளைய தம்பி என்னோடு கராஜில் நின்றார். கள்ளர் எங்கே என்று கேட்டார். நான் டப்லெட்டைக் காட்டினேன். அதற்குள் அங்கே ராணுவ ஜீப்பில் வந்தவர்கள் யூசுப்பைச் சுவரடியில் இருத்தி, கையைக் கட்டிக் கண்ணையும் கட்டியிருந்தார்கள். தம்பி அந்த வீட்டின் விலாசம் கேட்டார். வீட்டுக்கு இலக்கம் இல்லை என்றேன். அது எந்தச் சபேர்ப், நகரத்தின் எந்தப் பகுதி என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனையை மூடினார். பிறகு தன்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை என்று மரியாதையாகச் சொன்னார். என்னாலும் இல்லை என்று நானும் சொன்னேன். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வீட்டுக்கு வந்தவரை வெறுமனே நிற்கவைத்துப் பழக்கம் இல்லாதபடியால் அவருக்கு ஒரு ரோல் கொடுத்தேன். எண்ணெய் சட்டையில் வடியும் என்று கடதாசித் துவாய் ஒன்றும் கொடுத்தேன்.

அப்படி நிற்கும்போதுதான் அது நடந்தது. ஆறு பேரில் ஒருவன் இரண்டு கல்லைப் பொறுக்கிவந்து, கண் கட்டியபடி இருந்த யூசுப்பின் காலடியில் வைத்து, தள்ளி நின்று தன் தொலைபேசியில் படம் எடுத்தான். நான் பார்த்தேன். தம்பியும் பார்த்தார். சாப்பிட்டதை விழுங்காமல் "டிட் ஹி ஜஸ்ட் புட் தட் தெயர்?" என்று, அவன்தானே அதை இப்போது அங்கே வைத்தான் என்று கேட்டார். ஓம் என்றேன். அதன் பிறகு ஒருவன் தடியோடு கமராவுக்குக் கிட்ட வந்தான். முதலில் வானம் தெரிந்தது, பிறகு கோழியின் கால் தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த நாள் சமீரா வந்து சொன்னா, கல்லெறிந்ததாக யூசுப்பைக் கொண்டுபோய் அடைத்திருக்கிறார்கள், கல்லோடு அவர் இருக்கும் படமும் காட்டுகிறார்கள் என்று. "உங்கட கமராப் படம் இருந்தா அவரை வெளியில எடுக்கலாம் எண்டு அங்க சட்டத்தரணி சொல்றாராம்" என்று என் கையைப் பிடித்தா. கமராவில் பிடித்ததெல்லாம் கமராவுக்கு உள்ளேயே ஒரு சின்ன மெமரித் துண்டில் இருக்குமாம், கமராவை அவர்கள் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். டப்லெட் காட்டும், வைத்திருக்காது என்று வர்ஷா சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஆகவே நான் பொய் அழைப்புக்குத் தண்டனை கேட்டு வரவில்லை, தந்தால் வாங்கிக்கொள்வேன். அந்தத் தம்பியின் நெஞ்சில் கமரா பூட்டியிருந்தது. அவர் டப்லெட்டுக்கு நேரே நின்றார். அதில் உள்ளதன் பிரதி ஒன்று சட்டத்தரணிக்குக் கொடுக்கும்படி கேட்கவே வந்தேன். கண்டதை எழுதித் தரும்படி தம்பியையும் கேட்டேன். இந்த விலாசத்தில் நடந்ததைத்தான் தன்னால் எழுத முடியும் என்றார். இந்த விலாசத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, பொலிஸார் அந்தப் பதிவை எனக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் போட்டுக் காட்டினார்கள். மூத்த அதிகாரியின் கமராவில் என் கொடிக்கயிறும் காய்ந்த பெற்றிக்கோட்டும் உள்ளன. தம்பியின் கமராவில் நான் கதவு திறப்பது தெரிகிறது, மேசை தெரிகிறது, டப்லெட்டின் ஒரு மூலை தெரிகிறது. அதன் பிறகு என் கை வருகிறது. அதன் பிறகு முடியும்வரை கடதாசித் துவாய் தெரிகிறது. நீலப் பூப்போட்டது. சத்தம் தெளிவாக உள்ளது. "ஆறினா ருசியில்லை ராசா, சாப்பிடும்" என்று நான் சொல்வதும், அவர் வாய் நிறைய எதையோ கேட்பதும், நான் ஓம் என்பதும் கேட்கிறது.

எனக்கு வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன். மேலே உள்ளதெல்லாம் நான் கண்டது, செய்தது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடதாசித் துவாயை அவரின் நெஞ்சில் செருகிவிட்டது நானே என்பதும் இதில் அடங்கும்.

(ஒப்பம்) அ. விக்னேஸ்வரி