நான் விழுங்கிய தாளம்

ஆர்கன் வாசிக்கிறவனுக்குக் கையைவிடக் காலுக்குத்தான் வேலை அதிகம், ஐயா. அடிச்சுருதி முழுக்க மிதிகட்டைகளில் இருக்கிறது. அதனால் சாயங்காலமானால் பாதம் வீங்கிப்போகும். காலணியைக் கழற்றி வைத்துக்கொள்கிறேன், மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். காப்பி நன்றாக இருக்கிறது.

செஃபஸ் உங்களிடம் சொன்னது நிஜம்தான். பாட்டின் நடுவில் நான் தாளத்தில் ஒரு தட்டை விழுங்கினேன். அவன் வருஷக்கணக்காக எனக்கு டிரம் அடிக்கிறவன், அவன் காதை ஏமாற்ற முடியாது. ஆனால் ஏன் விழுங்கினேன் என்று அவனுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் வந்தேன். உங்கள் ஆட்கள் கதவைத் தட்டினார்கள், நானேதான் திறந்தேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை. அந்தச் சினிமாக்காரர்களின் சாமான்காரப் பையனை உள்ளே வைத்திருக்கிறீர்களாமே, விட்டுவிடுங்கள். அவன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தான்.

என் பெயர் ஹாலிஸ் பீமன். சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. பகலில் மேப்ரி குடும்பத்தாரின் சவ அடக்கக் கூடத்தில் ஆர்கன் வாசிப்பேன். சாயங்காலம் நாற்பத்தேழாம் தெரு மதுக்கடையில் ப்ளூஸ், சோல் பாட்டுகள். இரண்டுக்கும் அதே விரல்கள்தான். செத்தவன் குறை சொல்ல மாட்டான், குடிக்க வந்தவன் சொல்லுவான். என் மனைவி வெர்லீன் பாடுவாள். அவள் பாடி நீங்கள் கேட்டதில்லை என்றால் அது உங்கள் தலையெழுத்து.

இந்தக் கோடையில் சினிமாக்காரர்கள் வந்தார்கள். பாட்டும் கூத்துமாக ஒரு சிரிப்புப் படம். இரண்டு வெள்ளைக்காரத் திருடர்கள் போலீசுக்குப் பயந்து ஓடிவருகிறார்கள். ஒருவன் எங்கள் கறுப்பு ஆட்களின் சவக்கூடத்தில் புகுந்து காலிச் சவப்பெட்டியில் படுத்துக்கொள்கிறான். அவனைப் பிணம் என்று நினைத்து எல்லோரும் அழுது பாடுகிறார்கள். பாட்டு முடிகிற இடத்தில் பிணம் எழுந்து புகைக்கு நடுவே ஆடுகிறது, துக்கத்துக்கு வந்தவர்களும் ஆடுகிறார்கள். இந்தக் கதைக்காக மூன்று பேர் உட்கார்ந்து மூளையைக் கசக்கினார்களாம்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. அவர்கள் பிழைக்க எங்கள் பாட்டு வேண்டும். எங்கள் அழுகை அவர்களுக்குச் சிரிப்பு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி ஊற்றிக்கொள்வார்கள். பாத்திரம் காலியானதும் பாத்திரம் அழுக்கு என்பார்கள். இது நேற்று இன்று நடப்பதில்லை, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தே வந்திருக்கிறேன்.

ஆனால் அவர்கள் கேட்ட பாட்டு டெரலின் பாட்டு.

டெரல் எங்கள் ஒரே பையன். பத்து வருஷத்துக்கு முன்னால் வியட்நாமிலிருந்து பெட்டியில் வந்தான். திறக்கக் கூடாது என்று கூடவே வந்த ராணுவக்காரர் சொல்லிவிட்டார். வெர்லீன் என் முன்னால் வந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நின்றாள். எல்லாச் சவப்பெட்டிக்கும் பொருந்துகிற சாவி எப்போதும் என் கோட்டுப் பையில்தான் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். சவக்கூடத்தில் பெட்டியை மூடித் திருகுகிற வேலையும் என்னுடையதுதான். நான் கொடுக்கவில்லை. கொடுக்காதது சரிதான். ஒரு தாய் பார்க்கக்கூடியதாக உள்ளே எதுவும் இருந்திருக்காது. அவள் திரும்பிப்போய், மூடின பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, “எழுந்திரு மகனே, விடிஞ்சுடுச்சு” என்று பாட ஆரம்பித்தாள். எழுதி வைத்துப் பாடியதில்லை, வயிற்றிலிருந்து வந்தது. நான் ஆர்கனில் பின்னாலேயே போனேன். அதுதான் அந்தப் பாட்டு.

அந்த வரியில்தான் படத்தில் பிணம் எழுந்து ஆட வேண்டும்.

நான் வீட்டில் வெர்லீனிடம் சொன்னேன்.

“நம்ம புள்ள பாட்டுடி அது. கோமாளி கூத்தடிக்கறதுக்கா?”

“நம்ம பாட்டு இல்ல ஹாலிஸ், என் பாட்டு. நான்தான் குடுத்தேன்.”

“எதுக்குக் குடுத்த? புத்தி கெட்டுப்போச்சா?”

“பெட்டி தொறக்கறத ஒரு தடவையாவது என் கண்ணால பாக்கணும்,” என்றாள். அப்புறம் கீரையை நறுக்கப் போய்விட்டாள்.

துக்கத்தில் இருக்கிறவள் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியில் படுக்கிற நடிகன் டென்னி க்ரோலிக். வடக்குப் பக்கத்துப் போலந்துக்காரப் பையன். டெரல் இருந்திருந்தால் அவன் வயசுதான். மற்ற நடிகர்கள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். இவன் எங்கள் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிடுவான். வறுத்த கெளுத்தி மீனை முள்ளோடு தின்பான். வெர்லீனை அம்மா என்பான், என்னைப் பெருசு என்பான். தொண்டையில் மணலைப் போட்டுக் கரகரத்தால் ப்ளூஸ் வந்துவிடும் என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்க எனக்குக் காது கூசும்.

அவனுக்குக் கைதட்டவும் தெரியாது. நாலு தட்டில் எங்கள் ஆட்கள் இரண்டிலும் நாலிலும் தட்டுவோம். மாதா கோயிலில் மடியில் இருக்கிற குழந்தைகூட அப்படித்தான் தட்டும். டென்னி ஒன்றிலும் மூன்றிலும் தட்டுவான், ராணுவ அணிவகுப்புக்குத் தட்டுவது மாதிரி. வெர்லீன் அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள்.

“இப்ப இல்ல கண்ணு, பொறு. இப்ப! ஐயோ, திரும்பவும் முன்னாடியே போய்ட்டியே.”

“என் கைக்கு மூளை கெடையாதும்மா.”

“உனக்கே கெடையாது, கைக்கு எங்கேருந்து வரும்?”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். வெர்லீன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும். பத்து வருஷமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது. எத்தனையோ வேடிக்கை சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு அவள் சிரித்ததில்லை. “என்ன பெருசு, இன்னிக்காவது சிரிப்பீங்களா, இல்ல நான் பெட்டிய விட்டு எந்திரிச்சாத்தானா?” என்று அவன் என்னைக் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான், அதை நான் மறுக்கவில்லை. நல்ல மனசோடு வந்து வீட்டைச் சுரண்டுகிறவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஒத்திகையில் அவன் பெட்டியிலிருந்து எழுந்தபோது வெர்லீன் அழுதாள். பிறகு அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவ எந்திரி கண்ணு,” என்றாள். அவனும் படுத்து எழுந்தான். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் எழுந்தான். சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். என் மனைவியைக் கோமாளி ஆக்கிவிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

முதலில் பாட்டைப் பதிவு செய்து, அதற்கு வாயசைக்கச் சொன்னார்கள். வெர்லீனுக்கு அது வரவில்லை. நேற்றுப் பாடியதை இன்று அச்சுப்போலப் பாடினால் அது ப்ளூஸ் இல்லை, இசைத்தட்டு. கடைசியில் இயக்குநர் கையை விரித்துவிட்டு, நேராகவே பாடுங்கள், ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறோம் என்றார்.

“பாட்டு எப்ப முடியும்?” என்று என்னிடம் கேட்டார்.

“நான் இடது கையத் தூக்கும்போது.”

“அதுக்கு முன்னால?”

“வீடு பத்தி எரிஞ்சாலும் நிக்காது,” என்றான் செஃபஸ்.

அது எங்கள் வழக்கம். நான் கை தூக்காமல் என் ஆட்கள் நிறுத்த மாட்டார்கள், வெர்லீனும் நிறுத்த மாட்டாள். இயக்குநருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நான் கை தூக்கினதும் எல்லாம் அடங்கும், வெர்லீன் அந்த வரியைத் தனியாகப் பாடுவாள், டென்னி உள்ளிருந்து மூடியைத் தள்ளிக்கொண்டு எழுவான் என்று முடிவானது.

பெட்டி மேப்ரி கூடத்தின் பெட்டி. நிஜமான பெட்டிதான் நன்றாக இருக்கும் என்று நான்தான் சொன்னேன். உள்விளிம்பு முழுக்க ரப்பர் வைத்தது. கால்மாட்டில் சாவியைப் போட்டுத் திருகினால் ஈரம்கூட உள்ளே போகாது. புகைக்காகச் சாமான்காரப் பையன் ஒரு தட்டில் வெந்நீர் ஊற்றி அதில் டிரை ஐஸ் கட்டிகளைப் போட்டு, டென்னியின் காலடியில் வைத்தான். மூடிக்குக் கீழே ஒரு மரச்சில்லைச் செருகினான்.

“இந்த இடுக்கு இருக்கணும். பூட்டின எடத்துல இந்தப் புகை ஆள அமுக்கிடும்,” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். எனக்கும் கேட்டது. எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

நான் ஆர்கனுக்குப் போகிற வழியில் பெட்டியின் கால்மாட்டில் குனிந்தேன். சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு சாவியைத் திருகினேன். எங்கள் பக்கத்தில் சவப்பெட்டிக்கு அருகே குனிகிறவனை ஏன் குனிகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பாட்டு நன்றாக ஏறியது. துக்கக்காரர்களாக வந்திருந்தது எங்கள் கோயில் பெண்கள்தான். நடிப்பாவது ஒன்றாவது, “நிதானமாப் பாடு தாயி” என்று நிஜமாகவே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து தட்டுகிற சத்தம் வந்தது.

பயந்தவன் கண்டபடி தட்டுவான் என்று நினைப்போம். ஆனால் வெளியே டிரம் ஓடும்போது அது அவன் கையையும் பிடித்து இழுத்துக்கொள்ளும். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினான். வழக்கமான அவன் தப்பு. பெண்கள் சிரித்தார்கள். “பாவி, பெட்டிக்குள்ள கெடந்தும் தப்பாவே தட்டுறான் பாரு,” என்றாள் ஒருத்தி. கேமராவுக்குப் பின்னால் இருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

வெர்லீன் மட்டும் சிரிக்கவில்லை. பாடிக்கொண்டே தலையைச் சாய்த்துப் பெட்டியைப் பார்த்தாள். அவன் தட்டுகிற விதம் அவள் கைக்குத் தெரியும், இது விளையாட்டுத் தட்டு இல்லை என்று அடுத்த வரிக்குள் அவளுக்கு விளங்கியிருக்கும். அப்போதுதான் நான் ஒரு தட்டை விழுங்கினேன். மூன்றோடு நிறுத்தி, நாலை விட்டுவிட்டு ஒன்றுக்குத் தாவினேன். செஃபஸ் என் காலைப் பார்த்துக்கொண்டே அடிக்கிறவன், அவனும் தாவினான், எல்லோரும் தாவினார்கள். டென்னியின் தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள்தான் நகர்ந்தோம், அவன் தட்டு எங்கள் கணக்கில் வந்து விழுந்தது. இரண்டு, நாலு. இரண்டு, நாலு.

“புடிச்சுட்டான்டி! புள்ள தாளத்தப் புடிச்சுட்டான்!”

கூடம் முழுவதும் எழுந்து நின்றது. பெண்கள் பெட்டியோடு சேர்ந்து தட்டினார்கள். வெர்லீனின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தவளுக்கு வருகிற பூரிப்பு. “அப்படித்தான் கண்ணு, அப்படித்தான்,” என்று பெட்டியைப் பார்த்துப் பாடினாள். அவன் வேகமாகத் தட்டினான், அவளும் குரலை ஏற்றினாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை. அதை அவளுக்குக் கொடுத்தது நான், அது யார் கணக்கிலும் வராது.

பிறகு தட்டு தளர்ந்தது. பிறகு நின்றது. வெர்லீன் முடிக்கச் சொல்லி என்னைப் பார்த்தாள். இன்னொரு சுற்று என்று தலையசைத்தேன். மறுபடி பார்த்தாள். மறுபடி தலையசைத்தேன். எனக்கு அவசரம் இல்லை. போதும் என்று தோன்றியபோது இடது கையைத் தூக்கினேன்.

அவள் தனியாகப் பாடினாள். “எழுந்திரு மகனே, விடிஞ்சுடுச்சு.” மூடி திறக்கவில்லை. பையன் வேடிக்கையை இழுக்கிறான் என்று சிரித்தார்கள். திரும்பவும் பாடினாள். திறக்கவில்லை. மூன்றாவது தடவை குரல் உடைந்தது. சாமான்காரப் பையன் ஓடிவந்து மூடியைத் தூக்கப் பார்த்தான், வரவில்லை. சில்லு எங்கே, சில்லு எங்கே என்று தரையில் தேடினான்.

வெர்லீன் அவனைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினாள். இந்தத் தடவை சாவியைக் கொடுத்தேன்.

அவளே திருகித் திறந்தாள். புகை இறங்கிற்று. டென்னியின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரவில்லை, தங்கை வீட்டில் இருக்கிறாள். சாவி அவளிடம்தான் இருந்தது, ஆனாலும் அவள் உங்களிடம் வந்து சொல்லவில்லை, செஃபஸ்தான் சொல்லியிருக்கிறான். அதிலேயே தெரியவில்லையா அவளுக்கு என்மேல் கோபம் இல்லை என்று?

நான்தான் பூட்டினேன். சாக வேண்டும் என்றே பூட்டினேன். பாட்டுக்காகவோ, டெரலுக்காகவோ, வெள்ளைக்காரன்மேல் இருந்த ஆத்திரத்திலோ என்று நீங்களாக எதையும் சேர்த்துவிடாதீர்கள். வெர்லீனுக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை.