பாயிண்ட் ஜீரோ டூ டூவுக்குப் பதிலா

இல்ல சார், நீங்க கோபப்படுறது நியாயம்தான். உங்க எடத்துல நான் இருந்தா கம்போட மேல ஏறி வந்திருப்பேன். உக்காருங்க. அய்யோ, அந்தச் சேர் வேணாம், அதுல சால்டரிங் அயர்ன் இருக்கு, சூடு. இப்படி வாங்க.

கீழ உங்க வீட்டுல கண்ணாடி டம்ளரெல்லாம் ஷெல்ஃப்ல தானா நடந்து போகுதா? எத்தன விழுந்துச்சு? ரெண்டுதானா, பரவால்ல... சரி சரி, பரவால்லன்னு நீங்கதான் சொல்லணும், நான் சொல்லக் கூடாது.

இந்த மரப்பெட்டிதான் சார் குற்றவாளி. கிட்டார் ஆம்ப்ளிஃபயர். உள்ள செவப்பா எரியுதே கண்ணாடிக் குழாய், அதான் வால்வு. தொடாதீங்க! முன்னூறு வோல்ட் ஓடுது. போன வாரம் என்னைய அந்தச் செவுரு வரைக்கும் தூக்கிப் போட்டுச்சு. லிஃப்ட் மெக்கானிக் நான், இருபது வருஷமா கரண்டோட குடும்பம் நடத்துறவன். அதுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியல.

தங்கச்சிக்காகப் பண்ணது. ஹோட்டல்ல, பார்ட்டியிலன்னு வாசிக்கிறவதானே. அண்ணா, உன் கையால ஒரு ஆம்ப் பண்ணிக் குடுன்னு நாலு வருஷமா கேட்டா. நானும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு... ஆமா சார், சோம்பேறிதான். எங்கம்மாவும் இதே வார்த்தைதான் சொல்லுவாங்க, இன்னும் கொஞ்சம் கெட்டதா.

விஷயத்துக்கு வரேன். ஒரு வால்வுலேர்ந்து அடுத்த வால்வுக்குச் சத்தம் போற வழியில ஒரு கெப்பாசிட்டர் போடணும். உங்க ஃபேன் சுத்தலன்னா கண்டென்சர் போச்சும்பாங்களே, அதே இனம், இது பொடிசு. வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்னு வெச்சுக்குங்க. ஒல்லிச் சத்தத்த உள்ள விடுவான், தடிச் சத்தத்தத் தடுப்பான். சர்க்யூட் படத்துல போட்டிருந்த அளவு பாயிண்ட் ஜீரோ டூ டூ. நான் போட்டது பாயிண்ட் ஒன். அஞ்சு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. தடியனுங்க மொத்தமா உள்ள பூந்துட்டானுங்க.

கடையில சரியானது கெடைக்கலையாவா? டப்பா நெறைய இருந்துச்சு சார். இதப் போட்டா கிட்டார் எருமை ஏப்பம் விட்ட மாதிரி இருக்கும்னு கடைக்காரர் சொன்னார். நல்லா பெரிய ஏப்பமா வருமான்னு கேட்டேன். மேலயும் கீழயும் பாத்தார். வேற பயமெல்லாம் இல்ல சார், வோல்ட் தாங்குறதுல கொறச்சாதான் வெடிக்கும். இந்த அளவ மாத்தினா குரல்தான் மாறும்.

மொதல்ல பாயிண்ட் ஜீரோ ஃபோர் செவன்தான் போட்டேன். தங்கச்சி உதட்டப் பிதுக்கிட்டா. அப்புறம்தான் இது. ஸ்பீக்கரையும் தரையப் பாத்துக் கவுத்து வெச்சேன். ஆமா, வேணும்னேதான். பலகைத் தரையாச்சே, நல்லா அதிரும்.

ஹெட்ஃபோனா? அவளுக்கு ஹெட்ஃபோன்ல ஒண்ணும் ஆகாது சார். மூணு மாசம் முன்னாடி மூளைக்காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில கெடந்தால்ல. பொழச்சு வந்தா, ரெண்டு காதும் போச்சு. சுத்தமா. வந்ததுலேர்ந்து கிட்டார மடியில போட்டுக்கிட்டு சும்மா உக்காந்திருந்தா. ஒரு நாள் தெருவுல பெரிய லாரி ஒண்ணு போச்சு. வீடே அதிர்ந்துச்சு. இவ குனிஞ்சு உள்ளங்கையப் பலகையில வெச்சா, லாரி முக்கு திரும்புற வரைக்கும் எடுக்கல. அன்னைக்குத்தான் நான் இந்தப் பெட்டிய ஆரம்பிச்சேன். கேட்டப்பல்லாம் பண்ணல. கேக்காம போனப்பறம் பண்றேன்.

எந்தக் கம்பி அடிக்கிறோம்னு குதிகால்ல தெரியுதாம். நேத்து நான் ஒரு பாட்டக் கொலை பண்ணேன், நின்னு பாத்துட்டுத் தலையில குட்டினா.

நீங்க ஒரு நேரம் சொல்லுங்க சார். அஞ்சுலேர்ந்து அஞ்சரை? சரி, அந்த அரை மணி நேரம் மட்டும் வாசிச்சா போதும்னு சொல்லிடுறேன். சொல்றேன்னா, எழுதிக் காட்டுறேன்.