அத்துமீறி வந்தவளுக்கும் உயிர் ஒன்றுதான்

படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, கூட்டம் கலையாமல் கண்ணாலேயே கட்டிக் காக்கும் பெரியவர் கோதண்டம் அவர்களே, கலப்பை பிடித்த கையால் இன்று ஸ்பேனரும் பிடிக்கக் கற்றுக்கொண்ட உழைப்பாளிகளே, உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே, அவர்கள் நடுவே அமைதியாக அமர்ந்திருக்கும் பெருந்தேவி அக்கா அவர்களே, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு பெண்கல்வி. தலைவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாளைக் காலையில் ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தில் அக்காவின் வழக்கு வருகிறது. சாட்சி சொல்ல ஆள் இல்லையென்றால் வழக்கு தோற்றுவிடும். இன்று இந்த மேடையில் நின்று நான் வேறு எதைப் பேச? தலைவர் தலையசைக்கிறார். நன்றி, ஐயா.

விழாவுக்கு வந்திருக்கும் வெளியூர் உறவினர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரகடம் சாலையில் ஒரு கம்பெனி நிலம் வாங்கியது. ஷெட் போட்ட இடம் போக மீதியில் புல் வளர்ந்தது. நம் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மேய்ச்சல் கூடாத நிலத்தில் குச்சி நட்டு, அதன் தலையில் வைக்கோல் பிரி கட்டுவோம். பிரி இருந்தால் ஆடு திரும்பும், ஆளும் திரும்புவார். பிரி இல்லையா, மேய்க்கலாம். கம்பெனி பிரி கட்டவில்லை; அத்துமீறி வந்தால் பொறுப்பில்லை என்று இங்கிலீஷில் ஒரு போர்டு மாட்டியது. வேலிக் கம்பியில் கரண்டு விட்டது. பிரி இல்லாத நிலம் என்று நம்பி ஆடு மேய்க்கப் போன பெருந்தேவி அக்கா, கம்பியில் மாட்டிய ஆட்டுக்குட்டியைப் பிடித்து இழுத்தார். உயிர் பிழைத்தார். வலக்கையில் மூன்று விரல்கள் இன்றும் மடங்கவில்லை.

கம்பெனி என்ன சொல்கிறது? அத்துமீறி வந்தவருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது. ஆட்கள் வருவார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது என்கிறது.

நியாயம் பேச வந்தால் எதிராளியின் நியாயத்தையும் பேச வேண்டும். அங்கே செம்புக் கம்பி திருடு போனது உண்மை. வேலி போட அவர்களுக்கு உரிமை உண்டு. அழைத்து வந்த விருந்தாளிக்குச் செய்யும் பாதுகாப்பையெல்லாம் அழையாமல் நுழைந்தவருக்கும் செய் என்று சட்டம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

என்ன முனிரத்தினம் மாமா, எழுந்துவிட்டீர்கள்? “அப்போ திருட வர்றவனுக்குப் பாய் போட்டு மோர் ஊத்தணுமா இன்னா?” என்கிறார். எல்லோரும் சிரிக்கிறீர்கள். நல்ல கேள்விதான்.

பாயும் வேண்டாம், மோரும் வேண்டாம், மாமா. கூச்சல் போடுங்கள், ஊரைக் கூட்டுங்கள், பிடித்துப் போலீசில் ஒப்படையுங்கள். சட்டம் குறுக்கே நிற்காது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத கண்ணி வைத்துவிட்டு, வந்தவன் விதி என்று கதவைச் சாத்திக்கொள்ளாதே என்கிறது. பீகாரில் ஒருவர் தம் கழிப்பறைக்குப் பிறர் வராமலிருக்க மின்கம்பி இழுத்தார். பக்கத்து வீட்டுப் பெண் தொட்டு இறந்தாள். அவளும் அத்துமீறித்தான் வந்தாள். ஆனாலும் உச்ச நீதிமன்றம் அவருக்குக் கொடுத்த தண்டனையை உறுதி செய்தது. நிலம் உன்னுடையதாக இருக்கலாம். அதில் கால் வைத்தவரின் உயிரும் உன்னுடையதா?

கம்பெனிக்குத் தெரியாதாம். தெரியும். அக்கா அடிபடுவதற்கு ஒரு வாரம் முன்பு அதே கம்பியில் ஓர் ஆடு செத்தது. அதைத் தோளில் சுமந்து கேட்டில் போட்டு, “இன்னிக்கு ஆடு, நாளைக்கு ஆளு, கரண்ட நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு வந்தவர் ஒருவர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். சிரிக்க வைத்த மாமா இப்போது தலை குனிந்துகொண்டார்.

சாட்சி சொல்ல ஏன் அவர் இதுவரை வாய் திறக்கவில்லை? பயமா? மாமாவுக்கு யாரிடமும் பயமில்லை. அவருடைய வேர்க்கடலைக் கொல்லையைச் சுற்றி, மோட்டார் கொட்டகையிலிருந்து இழுத்த கம்பி ஓடுகிறது. பன்றிக்காகத்தான். ஊரறிந்த ரகசியம். கம்பெனி ஆள் வந்து, “நீ எங்க கம்பியப் பத்திச் சொன்னா, நாங்க உன் கம்பியப் பத்திச் சொல்லுவோம்” என்று சொல்லிப் போயிருக்கிறான். மாமா ஒருவர் மட்டுமா? இங்கே எத்தனை கொல்லைகளில் அந்தக் கம்பி ஓடுகிறது? கை தூக்க வேண்டாம். உங்கள் மனசு தூக்கினால் போதும்.

கம்பெனி வேலியில் ஓடினால் கொடுமை, கொல்லை வேலியில் ஓடினால் காவலா? பணக்காரன் கம்பி சுடும், பங்காளி கம்பி சுடாதா? அங்கே அக்கா ஆட்டுக்குப் போனார். நாளை நம் கொல்லையில் பம்ப் செட்டுத் தண்ணீருக்கு வருகிற வழிப்போக்கன் விழுந்தால், நாமும் அந்த இங்கிலீஷ் போர்டைத்தானே மாட்டுவோம்? அக்காவுக்குக் கேட்கிற நியாயத்தை அந்த வழிப்போக்கனுக்குக் கொடுக்க மறுத்தால், நாம் கேட்பது நியாயம் அல்ல, சலுகை.

மாமா மறுபடியும் எழுந்திருக்கிறார். “கம்பிய இப்பவே கழட்டிடறேன். பன்னி வந்தா நீ வந்து தொரத்துவியா?” என்கிறார். வருகிறேன், மாமா. தகர டின்னைத் தட்டிக்கொண்டே வருகிறேன். பின்னால் யாரோ, “டின்னு எதுக்கு, இந்தப் புள்ள பேசினாவே பன்னி பூந்தமல்லி தாண்டிடும்” என்கிறார். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் கூட வர வேண்டும். அவர் குரலும் குறைந்ததல்ல.

ஆகவே, மாமா, கழற்றிவிட்டு நாளைக்குச் சாட்சிக் கூண்டில் ஏறுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள். உன் கொல்லையில் கம்பி இல்லையா என்று கம்பெனி வக்கீல் கேட்பார். மறைக்காதீர்கள். “இருந்தது சார். தப்புன்னு தெரிஞ்சது, கழட்டிட்டேன். நீங்க எப்போ கழட்டுவீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.

தலைப்பை மாற்றியும் தடுக்காத தலைவருக்கும், குறுக்கே பேசிப் பேச்சுக்கு உயிர் கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. காலையில் கோர்ட்டு வாசலில் சந்திப்போம். வணக்கம்.