துண்டு அசைவதற்கு முன்

2003ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒன்று நாற்பது. வெயில் நூற்றாறு பாகை. தென்மேற்கிலிருந்து வறண்ட காற்று. அன்று நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிச்சோற்றில் உப்புச் சற்றுக் கூடியிருந்தது. குடிநீர் குறைவாக இருந்த நாளில் அது ஒரு குறைதான்.

எங்கள் மரக்குழுவின் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் இப்படித்தான் தொடங்கும்: தேதி, நேரம், வெயில், காற்று. செயலாளர் என்ற முறையில் ஏழு ஆண்டுகளாக அதை எழுதி வருகிறேன். நான் வெறுமையாக விட்ட பக்கம் ஒன்றே ஒன்று. இப்போது அதை நிரப்புகிறேன். மனம் உறுத்துவதால் எழுதுகிறேன் என்று எவரும் கருத வேண்டியதில்லை. குறையுள்ள பதிவேடு எனக்குப் பிடிக்காது.

என் பெயர் அப்பாசாமி. முப்பத்தோராண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அடி அண்ணாமலைக்கு மேலே, மலையின் மேற்குச் சரிவில், எங்கள் குழு நட்டு வளர்த்த கன்றுகள் அன்று பதினோராயிரத்து நானூறு. ஒவ்வொன்றின் அருகிலும் குச்சியில் கட்டிய தகரத்தில் ஓர் எண் இருக்கும். எண்களை எழுதியவன் நான்.

மலையில் விளையும் புல்லில் எண்ணெய் உண்டு. பாதி பச்சையாக இருக்கும்போதே எரியும். அதனால் கன்றுகளின் தென்னெல்லையில், சரிவின் மேலிருந்து கீழாக, இருபதடி அகலத்துக்குப் புல்லை அறுத்து வெறுந்தரையாக வைத்திருப்போம். அதைக் கோடு என்போம். பெருந்தீ தெற்கிலிருந்து வந்தால் கோட்டின் விளிம்பில் நின்று நாமே ஒரு தீ வைக்க வேண்டும். அது பெருந்தீயை நோக்கித் தின்றுகொண்டு போகும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் எரிய ஒன்றும் மிஞ்சாது. அதற்கு எதிர்த்தீ என்று பெயர்.

கோட்டுக்குத் தெற்கே ஓர் ஓடை. கூரைக்கும் மாட்டுக்கும் புல் அறுக்கும் பெண்கள் அங்கேதான் இருப்பார்கள். 1999இல் நான் குழுவுக்கு விதிகள் எழுதியபோது ஏழாம் விதியை இவ்வாறு அமைத்தேன்: எதிர்த்தீ வைக்குமுன் ஒருவர் ஓடைக்குச் சென்று அங்குள்ளோரை அப்புறப்படுத்த வேண்டும், பின்னர் ஓடைக்கு மேலுள்ள தொட்டிப்பாறைக்குத் திரும்பி வந்து வெள்ளைத் துண்டை மூன்று முறை அசைக்க வேண்டும், அதுவரை எவரும் தீ வைக்கலாகாது.

விதிகளைப் படித்துக் காட்டிய நாளில் காசி சிரித்தான். மலையேறும் ஆட்களுக்கு அவன்தான் தலைவன்.

"இன்னா சார், ஆளுங்கள எறக்கி வுட்டுட்டு, மறுக்கா பாறைக்கு ஏறி வந்து துண்டு வேற ஆட்டணுமா? ஒரு விசிலு ஊதுனா பத்தாதா?"

"இந்தக் காற்றில் விசில் கேட்காது, காசி."

"அப்ப நல்ல துண்டா ஒண்ணு வாங்கிக் குடுங்க. எங்கிட்ட இருக்கறதுல வெளுப்பு ரொம்பக் கம்மி."

அவன் மனைவி வெள்ளையம்மாள் புல்லுக்கட்டை இறக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தாள். "அவரு மொகத்தத் தொடச்சித் தொடச்சே அது அப்பிடி ஆச்சு சார்," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வாரம் நான் ஒரு புதிய துண்டு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த மே மாதத்தில் மாவட்டமே எரிந்துகொண்டிருந்தது. ஜவ்வாது மலையில் அது ஐந்தாம் நாள். வனத்துறை ஆட்கள் அங்கே இருந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கக் குன்றுகளில் பிடித்த தீ காற்றில் பறந்து வேர்க்கடலைக் கொடிப் போர்களில் விழுந்ததாகக் காலையில் வந்த பேருந்து நடத்துநர் சொன்னார். ஊருக்குள் சுவர்கள்கூடச் சுட்டன. பன்னிரண்டு மணிக்கு, ரமணாசிரமத்துக்கு மேலே, மலையின் தென்சரிவில் புகை தெரிந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை. வைத்தவன் நான் அல்லேன்.

ஒன்று நாற்பதுக்குள் அது மேற்குச் சரிவுக்குத் திரும்பிவிட்டது. தீயணைப்பு வண்டி கிரிவலப் பாதையில் நின்றது. அதன் குழாய் முடியும் இடத்துக்கு வெகுதூரம் அப்பால்தான் மலையே தொடங்குகிறது. வண்டியில் வந்தவர்கள் நல்லவர்கள். ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் ஆட்கள் பதினான்கு பேர் மேலேறிப் பச்சைத் தழைகளால் தீயை அடித்தார்கள். தழையை நனைக்கத் தண்ணீர் இல்லை. அவர்கள் ஓரிடத்தில் அணைத்து நிமிர்வதற்குள் காற்று அவர்களைத் தாண்டி முப்பதடிக்கு அப்பால் புதிய தீயை இறக்கி வைத்தது. ஒரு கட்டத்தில் அவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு நின்றதைப் பார்த்தேன். சோர்வால் அல்ல, எதை அடிப்பது என்று தெரியாமல்.

கோட்டின் கீழ்ப்பகுதியில் நானும் மதார் சாகிபும் காசியும் இருந்தோம். மதார் சாகிப் டவுனில் தையற்காரர். கண்ணில் புரை, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிடுபவர். ஆயினும் தீ என்றால் கடையை அடைத்துவிட்டு வந்துவிடுவார்.

"எதிர்த்தீ வைக்க வேண்டியதுதான்," என்றேன்.

"ஓடையில பொம்பளைங்க இருக்கறாங்க சார், ஒம்போது பேரு," என்றான் காசி. "எங்க ஊட்டுக்காரியும்தான். எறக்கி வுட்டுட்டு வரேன். துண்டு ஆட்டுற வரிக்கும் கொளுத்திடாதீங்க."

"அந்த விதியை எழுதியவனே நான்தான், காசி."

"அதுக்குத்தான் சார் சொல்றேன். மரம்னா நீங்க ஒரு மாதிரி ஆயிடுவீங்க," என்று சிரித்துவிட்டுப் போனான். அப்போது மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

போய்வர இருபது நிமிடம் ஆகும் என்பது என் கணிப்பு. இரண்டு பன்னிரண்டுக்குப் பாறையில் எவரும் இல்லை. இரண்டு பதினாறுக்கும் இல்லை. ஓடைப்பக்கம் புகை நிறைந்திருந்தது. தீ எங்களை நோக்கி வரும் ஒலி, பெரிய துணி ஒன்றை யாரோ இடைவிடாது கிழிப்பதுபோல இருந்தது. காற்று கொண்டுவந்த பொறி ஒன்று கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தது. மதார் சாகிப் அதை மிதித்து அணைத்தார். அடுத்ததையும் மிதித்தார். மூன்றாவது, 4,017ஆம் எண் கன்றின் அடியில் விழுந்தது. அது ஒரு புங்கன். இரண்டு கோடைகள் நான் குடத்தில் நீர் சுமந்து ஊற்றியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் இலைகள் சுருண்டன.

நான் நிதானமாகத்தான் சிந்தித்தேன். ஓடையில் இருந்தவர்கள் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். இருபத்து நான்கு நிமிடம் அவர்களுக்குப் போதும், இந்நேரம் இறங்கியிருப்பார்கள். மரத்துக்குக் கால் இல்லை, மனிதருக்கு உண்டு. இதைவிட எளிய நியாயம் எனக்கு அப்போது தோன்றவில்லை, இப்போதும் தோன்றவில்லை.

"துண்டு தெரிந்துவிட்டது," என்றேன். "கொளுத்துங்கள்."

மதார் சாகிப் பாறைப் பக்கம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே சார்."

"உங்கள் கண்ணுக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான். ஊசிக் காதே தெரியாதவனுக்குப் பாறையில துண்டா தெரியப்போவுது?" தீப்பெட்டியை எடுத்தவர் மறுபடியும் நிறுத்தினார். "நல்லாப் பாத்தீங்க இல்ல?"

"மூன்று முறை அசைத்தான்."

அவர் கொளுத்தினார். விதியின்படி நேரத்தைக் குறித்தேன்: இரண்டு பதினேழு. எதிர்த்தீ மிக நேர்த்தியாகப் பிடித்தது. அவ்வளவு சீரான ஒரு தீயை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இரண்டு இருபத்து மூன்றுக்குப் புகை ஒருகணம் விலகியது. காசி தொட்டிப்பாறைமேல் நின்றிருந்தான். கையில் துண்டு இல்லை. சட்டையைக் கழற்றி வைத்திருந்தான், நீலச் சட்டை. அதை மூன்று முறை அசைத்தான். விதியில் இருந்தபடியே, மெதுவாக, இடைவெளி விட்டு. பிறகு கீழே எதையோ பார்த்தான். பிறகு நான்காம் முறையும், ஐந்தாம் முறையும் அசைத்தான். அவற்றைச் சைகையாகக் கொள்ள இயலாது. பின்னர் நான் எண்ணவில்லை.

அவனுக்குத் தெற்கே பெருந்தீ. வடக்கிலும் கீழேயும் எங்களுடையது. கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கலாம். காற்று எங்களை நோக்கி வீசியது. என் குரல் அவனுக்குக் கேட்டிராது. மதார் சாகிபிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி அவரால் என்ன செய்ய முடியும்? இருவராலும் ஆகக்கூடியது ஒன்றுமில்லை எனும்போது ஒருவர் அறிந்தால் போதும். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பொறிகளை மிதித்துக்கொண்டிருந்தார். புகை மீண்டும் மூடியது.

நான்கு மணிக்குத் தீ அடங்கிற்று. கன்றுகளில் இருநூற்றுப் பன்னிரண்டு போயின, மற்றவை பிழைத்தன. ஒன்பது பெண்களும் ஓடை வழியாகக் கிரிவலப் பாதைக்கு இறங்கியிருந்தார்கள். காசியைப் பாறைக்குக் கீழே கண்டெடுத்தார்கள். கருகிய சட்டையை வலக்கையில் சுற்றியிருந்தான்.

விசாரணை அதிகாரியிடம் நான் கொடுத்த வாக்குமூலம் ஒரு பக்கம். இரண்டு பதினைந்துக்குப் பாறையில் வெள்ளைத் துண்டு மூன்று முறை அசையக் கண்டதாகவும், ஊரைக் காக்க எதிர்த்தீ வைத்ததாகவும் எழுதினேன். ஊருக்கும் தீக்கும் நடுவே கிரிவலப் பாதையும் உழுதுபோட்ட நிலங்களும் இருந்தன என்பதை அவர் கேட்கவில்லை. மதார் சாகிப், "சார் பாத்தாரு, நான் கொளுத்துனேன்," என்று சொன்னார். அன்றுமுதல் அவர் மலைக்கு வருவதில்லை. தீ வைத்த கை தம்முடையது என்று கடையில் உட்கார்ந்து அழுவதாகக் கேள்வி. ஒருமுறை போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்.

காசி இறந்த பதினாறாம் நாள் வெள்ளையம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். கடமையில் இறந்தவன் என்று அரசு ஒப்புக்கொண்டால் நிவாரணமும், சத்துணவுக் கூடத்தில் ஒரு வேலையும் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இரண்டு பெண்கள். புல் அறுக்க இனி மலைக்குப் போக அவளால் முடியவில்லை. அடிவாரம்வரை போவாளாம், அங்கே கால் நின்றுவிடுமாம். அந்த ஊரில் எல்லாருடைய மனுக்களையும் எழுதுபவன் நான். ஆகவே என்னிடம் வந்தாள்.

"நடந்ததை நடந்தபடி சொல்லு," என்றேன்.

"எனக்கு மூச்சு அடைச்சிகிச்சு சார். அவரு துண்ட, நான் குடிக்க வச்சிருந்த தண்ணியில நனைச்சு என் மூக்குல கட்டுனாரு. 'நீ இவங்கள இட்டுகினு கீழ எறங்கு'ன்னாரு. 'நீயும் வா'ன்னு கையப் புடிச்சேன். 'நான் பாறைக்குப் போவலன்னா சாரு கொளுத்தாம நின்னுகினே இருப்பாரு, அவரு மரமெல்லாம் பூடும்'னு சொல்லிட்டு ஏறுனாரு. அந்தத் துண்டு எங்கிட்டதான் இருக்குது சார். தொவைக்கல."

நான் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

அவளே தொடர்ந்தாள். "நீங்க துண்டு பாத்தேன்னு சொன்னீங்களாம். சட்டையத்தான் ஆட்டியிருப்பாரு. பொகையில உங்களுக்கு வெள்ளையாத் தெரிஞ்சிருக்கும்."

"இருக்கலாம்," என்றேன்.

மனுவை எழுதினேன். அவள் நிலை, குழந்தைகள், காசியின் உழைப்பு, ஒன்பது உயிர்களை அவன் இறக்கிவிட்டது ஆகிய எல்லாவற்றையும் எழுதினேன். என் மனுக்களில் அது மிகச் சிறந்தது. துண்டைப் பற்றி மட்டும் எழுதவில்லை. ஒரே கோப்பில் முரண்பட்ட இரண்டு செய்திகள் இருந்தால் அதிகாரி குழம்புவார்; குழப்பத்தில் இழப்பவர்கள் எளியவர்களே. படித்துக் காட்டியபோது துண்டைப் பற்றியும் சேர்த்தே, தாளில் இருப்பதுபோலப் படித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பிடியே சொன்னாப்புல எழுதியிருக்கீங்க சார்," என்று கைநாட்டு வைத்தாள்.

எட்டு மாதங்கள் கழிந்தன. 2004 ஜனவரி இருபத்தொன்று, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. மெல்லிய பனி, காற்று இல்லை. ஆட்சியர் அலுவலகத்துக்கு வரச் சொல்லி வெள்ளையம்மாளுக்குக் கடிதம் வந்திருந்தது. துணைக்கு வரும்படி என்னைக் கேட்டாள், போனேன். எழுத்தர் இளைஞர், பொறுமையானவர். ஆணையை அவளுக்கு வாய்விட்டே படித்தார். சைகை கொடுத்த பின்னும் ஆபத்தான இடத்தில் காரணமின்றி நின்றது இறந்தவரின் சொந்த அஜாக்கிரதை. நேரில் கண்டவரின் வாக்குமூலம் தெளிவாக உள்ளது. மனுதாரரின் மனுவிலும் அதற்கு மாறாக ஏதுமில்லை. ஆகவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

"மாறா ஏதுமில்லன்னா இன்னா சார்?" என்று அவள் என்னைக் கேட்டாள். "நாமதான் துண்டப் பத்தி எழுதியிருந்தோமே."

"அவர்கள் சரியாகப் படிக்கவில்லை போலும்," என்றேன்.

எழுத்தர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பதிவேட்டில் அவள் கைநாட்டைப் பெற்றுக்கொண்டு, கையொப்பமும் முத்திரையும் இட்ட ஆணையை அவளிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் என்னிடம் நீட்டினாள்.

"மேல எழுதிப் போடலாமாமே சார். அதையும் நீங்கதான் எழுதித் தரணும். நாங்க வேற யாருகிட்ட போவோம்?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்னை விட்டால் வேறு ஆதரவு இல்லை.